கோடு போடுவதற்கு முன்

அன்புள்ள கயல்விழி,

நீ அனுப்பிய டாபிக் மேப் (தலைப்புகளையும் அவற்றின் தொடர்புகளையும் காட்டும் வரைபடம்) வரைவை இரண்டு முறை பார்த்தேன். பழந்தமிழ் நூல்கள், புலவர்கள், உரைகாரர்கள், பதிப்பாசிரியர்கள் என எல்லாரையும் தொடர்புபடுத்திக் காட்ட நினைப்பது நல்ல காரியம். ஆனால் அவசரமாகக் கோடு போட்டிருக்கிறாய். எதை எதோடு சேர்க்கிறோம் என்ற கேள்விக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம்.

ஔவையாரை எடுத்துக்கொள். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் ஆத்திசூடி பாடியவரும் உன் வரைவில் ஒரே ஆளாகிவிட்டார்கள். இருவருக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. மறுபக்கம் உ.வே.சா., சாமிநாதையர், தமிழ்த் தாத்தா என்று ஒரே மனிதர் மூன்று தலைப்பாக நிற்கிறார். ஒரு பொருளுக்கு ஒரே தலைப்புதான் இருக்க வேண்டும். அதன் கீழ் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

பெயரைப் பார்த்து இணைக்கும் ஆசை பெரியவர்களையும் விட்டதில்லை. 2001-இல் வந்த எக்ஸ்.டி.எம். 1.0 என்ற டாபிக் மேப் வடிவம், ஒரே வரம்புக்குள் (ஒரு பெயரோ கூற்றோ செல்லுபடியாகும் சூழலுக்குள்) ஒரே பெயருடைய தலைப்புகளை ஒன்றாக்கிவிடச் சொன்னது. 2006-இல் ஐ.எஸ்.ஓ. தர அமைப்பு வெளியிட்ட டாபிக் மேப் தரவு மாதிரியில் அந்த விதி இல்லை. கைவிட்டது சரிதான் என்பது என் கருத்து. கபிலர் என்ற பெயர் சங்கப் பாடல்களிலும் வருகிறது, இன்னா நாற்பதிலும் வருகிறது. அதை வைத்துக்கொண்டு கணினி என்ன முடிவெடுக்கும்? ஒவ்வொரு தலைப்புக்கும் மாறாத அடையாள முகவரி ஒன்று கொடு. விக்கித்தரவில் பதிவு இருந்தால் அதையே எடுத்துக்கொள். நாளைக்கு வேறொரு நூலகத்தின் வரைபடத்தோடு சேர்க்கும்போது அந்த முகவரிதான் கைகொடுக்கும். டாபிக் மேப் முறை பிறந்ததே அப்படி இணைப்பதற்காகத்தான்: 1990-களின் தொடக்கத்தில், தனித்தனியாக எழுதப்பட்ட யூனிக்ஸ் கையேடுகளின் பொருளடைவுகளை ஒன்றாக்க வழி தேடியவர்களிடமிருந்து வந்தது இது.

அடுத்தது சீவக சிந்தாமணி. பக்கத்தில் 1887 என்று போட்டிருக்கிறாய். அதைப் பாடிய திருத்தக்கதேவர் பார்த்தால் சிரிப்பார். அது உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த ஆண்டு. காப்பியம் ஒரு தலைப்பு, உரை ஒரு தலைப்பு, 1887 பதிப்பு ஒரு தலைப்பு. ஆண்டு பதிப்போடு ஒட்டட்டும். பதிப்பாசிரியரையும் அதோடுதான் இணைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் ஒரே நூலுக்குப் பல பதிப்புகள் வரும்போது நீ திணறமாட்டாய்.

தொடர்புகளில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமிருந்து 'கற்பித்தார்' என்று ஒரு கோடு, உ.வே.சா.விடமிருந்து 'கற்றார்' என்று இன்னொரு கோடு. இரண்டு எதற்கு? ஒரே தொடர்பில் ஒருவருக்கு ஆசிரியர் பங்கு, மற்றவருக்கு மாணவர் பங்கு கொடுத்தால் இரு பக்கமிருந்தும் படிக்கலாம். வஞ்சிக் காண்டத்தைச் சிலப்பதிகாரத்தின் 'வகை' என்று போட்டிருப்பதையும் திருத்திவிடு. அது அதன் பகுதி.

சிலம்பின் காலத்தை நீ வெறுமையாக விட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள் என்பதற்காக நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அதில் வரும் இலங்கை மன்னன் கயவாகு பற்றிய குறிப்பை வைத்து இரண்டாம் நூற்றாண்டு என்பவர்கள் உண்டு. வையாபுரிப்பிள்ளை அதைப் பல நூற்றாண்டு பின்னுக்குத் தள்ளினார். இரண்டையும் எழுது. எந்தக் கூற்று யாருடையது என்பதை வரம்பாகக் குறி. இந்த வசதிக்காகவே எனக்கு டாபிக் மேப் பிடிக்கும். இன்று எல்லாரும் ஆர்.டி.எஃப். என்ற வேறொரு தரவு முறையின் பக்கம் போய்விட்டார்கள்; நீயும் ஒருநாள் போகலாம். ஔவையார் சிக்கல் அங்கேயும் காத்திருக்கும்.

ஒரு தலைப்பு, தொடர்பு வகை என்று எதைச் சேர்க்கும் முன்பும், எந்த வாசகர் எந்தக் கேள்வியோடு வந்தால் இது உதவும் என்று கேட்டுக்கொள். விடை கிடைக்காவிட்டால் நீக்கிவிடு. உன் வரைவில் 'தொடர்புடையது' என்று ஒரு கோடு அங்கங்கே ஓடுகிறதே, அதற்கு நான் யோசித்துப் பார்த்தும் ஒரு கேள்வி கிடைக்கவில்லை.

இப்போதைக்குப் படத்தை மூடி வை. நூலகத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று வாசகர் உதவி மேசையில் உட்கார்ந்து ஒரு வாரம் குறித்துக்கொள். அந்தப் பட்டியலை முதலில் எனக்கு அனுப்பு, வரைபடத்தைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா