போட்டோவில் இருப்பது எந்த ஈ?

மரத்தடி நிழலில், இலைமேல் பச்சையாக மினுங்கும் ஒரு குட்டிப் பூச்சி டக்குன்னு உட்காரும், டக்குன்னு பறக்கும். பார்த்திருப்பீர்கள். அதுவும் ஈதான், நீளக்கால் ஈ. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. வீட்டு ஈ மாதிரி எச்சில் தட்டுக்கு வராது. தன்னைவிடச் சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

போட்டோவில் முதலில் சிறகை எண்ணுங்கள். தேனீ, குளவிக்கு 4; ஈக்கு 2தான். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு குமிழ் இருக்கும். பறக்கும்போது உடம்பு சாயாமல் காப்பது அதுதான். ஆனால் தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் கொக்கி போட்டு ஒட்டிக்கொள்ளும், படத்தில் இரண்டு போலத் தெரியும். ஏமாறாதீங்க! உணர்கொம்பைப் பாருங்கள். தேனீக்கு முழங்கை போல மடங்கியிருக்கும். மஞ்சள் கறுப்புப் பட்டையோடு பூ முன்னால் அந்தரத்தில் நிற்குமே, குளவி வேஷம் கட்டிய ஈ, அதற்கு ரொம்பக் குட்டை.

ஒரே படம் போதாது. சிறகு நரம்பு தெரிய மேலிருந்து ஒன்று. கால், முடி தெரிய பக்கவாட்டில் ஒன்று. முகத்துக்கு நேரே ஒன்று. ஈ பறந்ததும் அதே இலையில் ஸ்கேல் வைத்து இன்னொன்று.

இவ்வளவும் செய்தாலும் பல ஈக்களின் இனத்தைப் படத்தில் சொல்ல முடியாது. ஆண் ஈயின் வயிற்று நுனியை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அதனால் நம் இயற்கை மன்ற நோட்டில் ‘நீளக்கால் ஈ குடும்பம்’ என்பதோடு நிறுத்துங்கள். ஊகித்த பெயரை எழுதிவிட்டால், அடுத்த வருஷம் வருபவர் அதை நம்பி இன்னொரு படத்துக்கும் ஒட்டிவிடுவார். தேதி, நேரம், எந்த மரத்தின் இலை என்பதைக் கட்டாயம் எழுதணும்.