முயல் கூண்டுக்கு ஏற்ற அடித்தளம்

பாலவனத்தம், திருச்சுழி வட்டாரத்தில் புறக்கடையில் முயல் வளர்ப்போர் கூண்டின் அடித்தளத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு உள்ளது போன்ற சதைத்திண்டு இல்லை. ரோமம் மட்டுமே உண்டு. மெல்லிய கம்பி அழுத்தினால் ரோமம் உதிர்ந்து பாதப்புண் வரும். உடல் கனத்த சோவியத் சிஞ்சிலா, வெள்ளை ஜெயிண்ட் இனங்களுக்கு இத்தொல்லை அதிகம். புண் வந்த முயல் தீவனம் குறைக்கும், இனம் சேராது. நட்டம் நமக்கே.

புதுக் கூண்டுக்கு 14 கேஜ் பற்றவைத்த கம்பி வலை, அரை அங்குலத்துக்கு 1 அங்குலக் கண்ணியுள்ளது ஏற்றது. கண்ணி பெரிதானால் குட்டியின் கால் சிக்கும். மிகச் சிறிதானால் புழுக்கை தேங்கும். நெருக்கமாக ஓடும் கம்பிகள் மேற்புறம் வரவேண்டும். வலை தொய்யாமல் அடியில் சட்டம் கொடுக்கவும்.

பழைய கூண்டைக் கழிக்க வேண்டியதில்லை. முயல் நீட்டிப் படுக்கும் அளவில், வண்ணம் பூசாத பலகை ஒன்றை மூலையில் இடவும். இரண்டு பலகை இருந்தால் ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைத்து, மாற்றி மாற்றிப் போடலாம். வெயிலுக்குத்தான் நம் பக்கம் பஞ்சமில்லையே! சாக்கு விரிக்க வேண்டாம். மூத்திரம் ஊறும், முயலும் கொறித்துத் தின்னும்.

வாரம் ஒருமுறை பின்னங்கால்களைத் திருப்பிப் பார்க்கவும். ரோமம் உதிர்ந்து சிவந்திருந்தால் அன்றே பலகை இடவும். சீழ் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நலம்.