வர்ணம் தீட்டுவது சிறுவருக்கு மட்டுமா?

வர்ணம் தீட்டுவது பாலர் வகுப்புப் பிள்ளைகளின் வேலை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். கவலையுற்ற பெரியவர்களுக்கும் அது ஆறுதல் தரும் என்றால் நகைப்போரும் உண்டு. ஆயினும் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நன்று.

2009ஆம் ஆண்டில், போரினால் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. ஆனால் மனத்திற் பதிந்த அச்சம் அதனோடு போய்விடவில்லை. இரவில் உறக்கமின்றி, பகலில் எவ்வேலையிலும் மனம் ஒன்றாமல் வருந்துவோர் நம் இல்லங்களிலும் இருக்கக்கூடும்.

போரில் துயருற்ற சிறுவர்களுக்காக 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஆரம்பிக்கப்பட்டது. இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் இதில் முன்னின்றனர். படம் வரைதல், களிமண் வேலை, கதை, விளையாட்டு ஆகியவற்றால் பிள்ளைகளின் மனத்தைத் தேற்றுவதே அதன் நோக்கம்.

இவ்வழி வளர்ந்தோர்க்கும் பயன்படுமா? 2005இல் அமெரிக்காவில் 84 பல்கலைக்கழக மாணவரிடம் நடத்திய ஆய்வொன்று வெளியாயிற்று. முதலில் அவர்களுக்குப் பதற்றம் உண்டாக்கப்பட்டது. பின்பு 20 நிமிடம் சிலர் வட்டக் கோலத்துக்கும், சிலர் கட்டம் போட்ட வடிவத்துக்கும் வர்ணம் தீட்டினர். மற்றையோர் வெறுந்தாளில் விரும்பியபடி தீட்டினர். முதலிரு பகுதியினருக்கே பதற்றம் கூடுதலாகத் தணிந்தது.

காரணம் என்ன? வெறுந்தாள், எதை வரைவது என்று மனத்தை அலையவிடும். கீறிய கோடோ அதற்கு ஓர் எல்லையைக் கொடுக்கும். கையும் கண்ணும் ஒரே சிறு வேலையில் நிற்கும்போது பழைய நினைவு சற்றே விலகி நிற்கும். புள்ளி வைத்துக் கோலம் போடும் தாய்மார் இதனை அனுபவத்தில் அறிவர்.

செய்யும் முறை எளிது. கொப்பித் தாளில் வட்டமொன்று கீறி, அதனுள் இதழ்களும் கட்டங்களும் வரையுங்கள். பிள்ளைகளின் வர்ணப் பென்சில்களே போதும். வானொலியையும் தொலைபேசியையும் நிறுத்திவிட்டு, இருபது நிமிடம் அவசரமின்றித் தீட்டுங்கள். அழகாக வரவேண்டும் என்பதில்லை; பிறருக்குக் காட்டவும் வேண்டாம். மனம் வேறெங்கோ சென்றால், மெதுவாக வர்ணத்துக்கே திருப்புங்கள்.

இது மருந்தன்று. துயரம் நாளாந்த வாழ்வைக் குலைக்குமாயின், உளநல வைத்தியரை நாடத் தயங்கலாகாது. ஆனால், பேச வார்த்தை வராத தகப்பனாருக்கோ பேரனாருக்கோ, பிள்ளைகளோடு ஒரே மேசையில் அமர இது நல்ல வழி. அவர் பென்சிலைக் கையில் எடுக்கும்போது நகையாதிருப்பதே வீட்டார் செய்யக்கூடிய முதல் உதவி.