சுழல் மூடி டப்பாவும் காப்புரிமையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பவுடர் டப்பாவின் தலையைச் சற்றே திருப்பினால் துளைகள் திறக்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அடைபடும். சுழல் மூடியின் அடிப்படை இவ்வளவுதான். டப்பாவோடு அசையாமல் இருக்கும் ஒரு தட்டு, அதன்மேல் சுழலும் இன்னொரு தட்டு, இரண்டிலும் துளை. துளைகள் நேருக்கு நேர் வரும்போது உள்ளே இருப்பது வெளியே வரும். பொடிக்கு இது போதும். மாத்திரை, பட்டன், ஊசி போன்றவற்றை எண்ணி ஒவ்வொன்றாகத் தர வேண்டுமென்றால், தட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு உருப்படி மட்டும் உட்காரும் பள்ளமும், ஒவ்வொரு திருப்பிலும் 'டிக்' என்று பிடித்து நிறுத்தும் தடையும் தேவை.

திருப்பூரில் இந்த மூடிக்கு நேரடியான வேலை உண்டு. ஏற்றுமதி கம்பெனிகளில் தையல் ஊசியை யாரும் இஷ்டத்துக்கு எடுத்து மாட்ட முடியாது. ஓவர்லாக்கிலோ பேட்லாக்கிலோ ஊசி உடைந்தால் டெய்லர் மிஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். சூப்பர்வைசர் அவற்றை ஊசி ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மிஷின் எண்ணும் எழுதிய பிறகுதான் புது ஊசி கைக்கு வரும். ஒரு துண்டு குறைந்தாலும் பக்கத்தில் இருந்த பீஸ்கள் எல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். ஜப்பானின் பொருள் பொறுப்புச் சட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்த பின் அந்நாட்டு வாங்குநர்கள் இதில் கறாரானார்கள். குழந்தைகள் உடை வாங்கும் மற்ற நாட்டுக்காரர்களும் இன்று இதையே கேட்கிறார்கள். ஊசியை எண்ணித் தரும் டப்பா ஒன்றைச் செய்து அதற்குக் காப்புரிமை வாங்கலாமா என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. அந்தக் கேள்வியைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் பல தவறானவை. ஒன்றிரண்டு, கையில் இருக்கும் உரிமையையே போக்கடிப்பவை.

நம்பிக்கை: இப்படி ஒரு டப்பா கடைகளில் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே இது புதியது.

உண்மை: கடையில் இல்லாதது எல்லாம் சட்டத்தின் கண்ணில் புதியது ஆகிவிடாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இன்படி அந்தப் பொருள் விண்ணப்பத் தேதிக்கு முன் உலகின் எந்த மூலையிலும் எந்த ஆவணத்திலும் வெளியாகியிருக்கக் கூடாது. வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்திருக்கவும் கூடாது. என்றோ காலாவதியான வெளிநாட்டுக் காப்புரிமை, ஒருபோதும் விற்பனைக்கே வராத ஒரு வரைபடம், இவையும் கணக்கில் சேரும். கைத்தையல் ஊசிகளை வட்ட டப்பாவில் அடுக்கி, மூடியைத் திருப்பினால் ஓர் ஊசி வெளியே விழும்படி செய்த பெட்டிகள் ஏற்கெனவே சந்தையில் உள்ளவை. இன்னும் சொன்னால், உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் காப்புரிமை வகைப்பாட்டில் ஊசி போன்ற குச்சி வடிவப் பொருள்களை வெளியே தரும் கொள்கலன்களுக்கென்றே பி65டி 83/02 என்று தனி இடம் இருக்கிறது. மாத்திரை போன்றவற்றுக்கு 83/04. அந்த எண்ணைப் போட்டு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்திலும், எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் தளங்களிலும் கட்டணமின்றித் தேடலாம். மோல்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

நம்பிக்கை: தெரிந்த பொருள்களையே சேர்த்தாலும், சேர்க்கை புதிதாக இருந்தால் காப்புரிமை உண்டு.

உண்மை: அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். சட்டத்தின் 3(எஃப்) பிரிவு, தெரிந்த சாதனங்களை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. காப்புரிமை அலுவலகத்தின் கையேடு இதற்கு விசிறி பொருத்திய குடை, டார்ச் பொருத்திய வாளி, ஒரே பெட்டிக்குள் வைத்த கடிகாரமும் ரேடியோவும் என்று உதாரணம் தருகிறது. விசிறி இல்லாவிட்டாலும் குடை குடையாகவே வேலை செய்யும். ஒன்றின் வேலையில் மற்றொன்றுக்குப் பங்கு கிடையாது.

இந்த விஷயத்தில் இந்தியாவின் முக்கியமான தீர்ப்பே ஒரு பாத்திரப் பட்டறையிலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, கடைசல் மிஷினில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு முறைக்கு 1951 டிசம்பர் தேதியிட்ட காப்புரிமை வைத்திருந்தது. முன்பெல்லாம் பாத்திரத்தைச் சூடாக்கி, பசை கொண்டு ஒட்டி நிறுத்துவார்கள். புது முறையில் அழுத்தம் தரும் ஒரு தண்டு அந்த வேலையைச் செய்தது. வேலை எளிதானது உண்மைதான். ஆனால் தண்டும் அதைத் தாங்கும் அமைப்பும் பட்டறைக்காரர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் காப்புரிமையை ரத்துச் செய்தது. பட்டறையில் யாரும் செய்திருக்கக்கூடிய மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது. பழைய உறுப்புகளைச் சேர்த்தால் அந்தச் சேர்க்கையிலிருந்து புதிய விளைவோ, முன்பைவிடச் சிறந்த அல்லது மலிவான பொருளோ வர வேண்டும், அதிலும் கண்டுபிடிப்பின் தன்மை தெரிய வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அரை நூற்றாண்டு நெருங்கியும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

ஊசி டப்பாவுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். டப்பாவின் மேல் சுழல் மூடி, பக்கத்தில் உடைந்த ஊசி போட ஒரு சிறு அறை, அடியில் காந்தம். மூன்றும் பயன் உள்ளவை. மூன்றும் தனித்தனி வேலை செய்பவை. பயன்படுத்திய பிளேடைப் போட ஒரு பிளவு வைத்த சவர பிளேடு பெட்டிகள் பல பத்தாண்டுகளாகவே உண்டு. இந்த விண்ணப்பம் தேறுவது கடினம்.

மாறாக, மூடி தானாகச் சுழலாதபடி உள்ளே ஒரு தாழ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முழு ஊசியின் நீளத்துக்குச் சரியாக வெட்டிய ஒரு பள்ளத்தில் உடைந்த துண்டுகளை வரிசையாக வைத்தால்தான், காம்பு முதல் நுனி வரை நிறைந்தால்தான், அந்தத் தாழ் விலகும். மூடி ஒரே ஒரு இடம் நகரும். ஒரே ஒரு புது ஊசி விழும். நுனித் துண்டு காணாமல் போயிருந்தால் மூடி அசையாது. இங்கே திருப்பி வாங்குவதும் தருவதும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. ரெஜிஸ்டரும் சூப்பர்வைசரும் செய்த சோதனையை மூடியே செய்கிறது. இதற்குக் காப்புரிமை உறுதி என்று சொல்ல முடியாது. தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் வாதிட இடம் உண்டு. விண்ணப்பத்தின் உரிமைக் கோரிக்கைகள் 'சுழல் மூடியுடன் கூடிய ஊசி டப்பா' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடாமல், தாழுக்கும் பள்ளத்துக்கும் மூடிக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். உரிமை அந்தத் தொடர்புக்குத்தான்.

வடிவமைப்பின் நுணுக்கங்களும் காப்புரிமைக்குத் தீனி போடும். ஒற்றை ஊசி மிஷினில் போடும் டிபி 1 ஊசியின் காம்பு 1.62 மில்லிமீட்டர் தடிமன். இரட்டை ஊசி மிஷினின் டிபி 5 ஊசிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஒரே பள்ளத்தில் இரண்டையும் போட்டால் மெல்லியது இரண்டிரண்டாக நுழையும் அல்லது சாய்ந்து சிக்கும். நுனி எதிலாவது இடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் மழுங்கி, பின்னல் துணியில் ஓட்டை விழும். பிளாஸ்டிக்கில் சேரும் நிலைமின்சாரமும் ஊசியின் மேலுள்ள எண்ணெய்ப் படலமும் ஊசிகளைச் சுவரோடு ஒட்ட வைக்கும். இந்தச் சிக்கல்களில் ஒன்றை யாரும் எதிர்பாராத வழியில் தீர்த்திருந்தால், அது 'டப்பாவுக்கு ஒரு மூடி' என்பதைவிடப் பலமான விண்ணப்பம். பள்ளத்தின் அளவை மட்டும் மாற்றுவது அந்தக் கணக்கில் சேராது.

நம்பிக்கை: இவ்வளவு எளிய பொருளுக்கு யாரும் காப்புரிமை தரமாட்டார்கள்.

உண்மை: எளிமை ஒரு தடையே அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், மனைவி அன்றைய கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டாரா இல்லையா என்று இருவருக்குமே நினைவில்லாமல் போன தொல்லையிலிருந்து 1962-இல் ஒரு சுழல் டப்பா செய்தார். தட்டைத் திருப்பினால் அன்றைய மாத்திரை மட்டும் துளைக்கு நேரே வரும். எந்த நாள் வரை சாப்பிட்டாயிற்று என்பது பார்த்தாலே தெரியும். முதல் மாதிரிக்கு அவர் பயன்படுத்தியவை காகிதம், ஸ்டேப்பிள் பின், ஒட்டு டேப், பொம்மையிலிருந்து கழற்றிய ஒரு ஸ்னாப் பட்டன். திருப்பூரில் குழந்தை உடைகளில் அடிக்கும் பட்டனின் இனம்தான் அது. அதே ஆண்டில் விண்ணப்பித்தார். 1964-இல் காப்புரிமை வந்தது. அவர் மாதிரி அனுப்பியும் முதலில் ஆர்வம் காட்டாத ஆர்த்தோ என்ற மருந்து நிறுவனம் 1963-இல் அதே போன்ற சுழல் டப்பாவைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. காப்புரிமை கிடைத்த பின் அவருக்கு 10,000 டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. காகிதமும் பட்டனும் கொண்டு செய்த பொருளுக்கு அந்தப் பணத்தைப் பெற்றுத் தந்தது, மாதிரி வெளியே பரவும் முன் கொடுத்த விண்ணப்பம்.

நம்பிக்கை: முதலில் கண்காட்சியில் வைத்துப் பார்க்கலாம். ஆர்டர் வந்தால் காப்புரிமைக்கு எழுதிப் போடலாம்.

உண்மை: இந்த வரிசைதான் மிகப் பெரிய நஷ்டத்தைத் தருகிறது. திருப்பூரின் நிட்-டெக் கண்காட்சியிலோ கோவை கொடிசியா வளாகத்திலோ டப்பாவைத் திறந்து காட்டி, துண்டறிக்கை கொடுத்துவிட்டால், அந்தக் கணத்திலேயே பொருள் வெளியானதாகிவிடும். தன் பொருளைத் தானே வெளியிட்டாலும் புதுமை போய்விடும். கண்காட்சிகளுக்குச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 12 மாத அவகாசம் தருகிறது என்று சொல்பவர்கள் பாதியை மட்டும் சொல்கிறார்கள்: மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கே அது பொருந்தும். வணிகக் கண்காட்சிகள் தாமாக அதற்குள் வருவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் போட்ட வீடியோவும் எதிர்த்தரப்பின் கையில் சான்றாகலாம். இந்தக் கட்டுரையில் மேலே விவரித்த தாழ் வைத்த ஊசி டப்பாகூட வெளியிடப்பட்டுவிட்டால், அதற்குப் பின் அதே வடிவில் யாருக்கும் புதியது அல்ல.

மோல்டு செய்பவரிடம் காட்டாமல் டப்பா செய்ய முடியாது. அதற்கு வழி, வரைபடம் கொடுக்கும் முன்பே ரகசியம் காப்பதாக ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது. நம்பிக் கொடுத்தவர் அனுமதியின்றி வெளியிட்டால் 29-ஆம் பிரிவு ஓரளவு காப்பாற்றும். ஆனால் அனுமதி இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும், தெரிந்ததும் தாமதமின்றி விண்ணப்பிக்கவும் வேண்டும். கையில் காகிதம் இல்லாமல் இது நடக்காது.

நம்பிக்கை: வரைபடத்தைக் கவரில் வைத்து ஒட்டி, தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டால் போதும்.

உண்மை: அந்தக் கவரால் காப்புரிமை உரிமை எதுவும் பிறப்பதில்லை. இந்தியாவில் முந்திய விண்ணப்பத் தேதிக்கே முன்னுரிமை.

நம்பிக்கை: டப்பாவின் வடிவம் அழகாகவும் வித்தியாசமாகவும் இருந்தால் அதற்குக் காப்புரிமை கேட்கலாம்.

உண்மை: கண்ணுக்குத் தெரியும் வடிவம், கோடு, அலங்காரம் ஆகியவற்றுக்கு வேறு சட்டம் உண்டு: வடிவமைப்புச் சட்டம், 2000. பாதுகாப்பு 10 ஆண்டு, புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு. மூடி எப்படி இயங்குகிறது என்பது அதில் அடங்காது. காப்புரிமையில் மூடியின் அழகு அடங்காது. ஒரே டப்பாவுக்கு இரண்டையும் தனித்தனியாகக் கேட்கலாம், இரண்டையும் வெளியே காட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். ஜெர்மனி, சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் சிறு மேம்பாடுகளுக்குக் குறுகிய காலப் பாதுகாப்பு தரும் 'யூட்டிலிட்டி மாடல்' முறை இருக்கிறது. இந்தியாவில் அது இல்லை. பட்டறைகள் நிறைந்த ஊர்களுக்கு இது உண்மையான குறை.

நம்பிக்கை: சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் உலகம் முழுவதும் யாரும் அசைக்க முடியாது.

உண்மை: இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டும் செல்லும், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு. வெளிநாட்டில் வேண்டுமென்றால் 12 மாதத்துக்குள் அதற்கான விண்ணப்பம் போட வேண்டும். இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகாமல், அல்லது முன் அனுமதி பெறாமல், வெளிநாட்டில் விண்ணப்பிக்கவும் கூடாது. காப்புரிமை தந்ததாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. உதாரணமாக, இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சின் காப்புரிமை தொடர்பாக பஜாஜ் நிறுவனம் டி.வி.எஸ். மீது தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் கொடுத்த தடையை, 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் நீக்கியது.

நம்பிக்கை: இதெல்லாம் லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும், பெரிய கம்பெனிகளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

உண்மை: தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசீலனை கோரும் மனுவுக்கு 4,000 ரூபாய். மற்றவர்களுக்கு முறையே 8,000, 20,000 ரூபாய். காப்புரிமை முகவரின் கட்டணம் தனி, பெரும்பாலும் அதுவே பெரிய செலவு. உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு பட்டறை அதைக் காட்டிச் சலுகைக் கட்டணத்தைப் பெறலாம்; விரைவுப் பரிசீலனையும் கேட்கலாம். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்குச் செல்லும். மூடியின் வேலை இன்னும் முழுமையாகத் தேறவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்புடன் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தரலாம். அந்தத் தேதி கிடைத்த மறுநாள் டப்பாவைக் கண்காட்சியில் வைத்தாலும், அதில் விவரித்த அளவுக்குப் புதுமை போகாது.