நொண்டி வாத்து: ஓர் ஆங்கில மரபுத்தொடரின் கதை

அறுவடை முடிந்த நாஞ்சில் நாட்டு வயல்களில் வாத்துக் கூட்டம் மேய்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீண்ட கம்பு பிடித்த ஒருவர், நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒரு வயலிலிருந்து மறுவயலுக்கு ஓட்டிச் செல்வார். கூட்டம் முழுவதும் வரப்பைத் தாண்டிய பிறகும், காலில் அடிபட்ட வாத்து ஒன்று பின்னால் தத்தித் தத்தி வரும். அது கூட்டத்தைச் சேர்ந்ததுதான்; ஆனால் கூட்டம் அதற்காகக் காத்து நிற்பதில்லை. இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால், 'லேம் டக்' என்னும் ஆங்கில மரபுத்தொடரைப் புரிந்துகொள்வது மிக எளிது.

எங்கள் வகுப்பில் இத்தொடர் வந்து சேர்ந்த விதம் சற்று வருத்தத்திற்குரியது. ஆண்டின் இறுதிப் பருவம் அது. பள்ளியின் மாணவர் தலைவி வராந்தாவில் வரிசையைச் சரிசெய்ய வந்தாள். ஒருவரும் அசையவில்லை. "இன்னும் ஒரு மாதந்தானே! இவள் ஒரு லேம் டக்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். காலில் குறையுடைய தோழி ஒருத்தியும் அவ்வரிசையில் நின்றிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இதைக் கேள்வியுற்ற ஆங்கில ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "ஒரு சொல்லை எறியுமுன் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்" என்றார். நாங்கள் தேடிக் கற்றதையே இங்கே எழுதுகிறோம்.

பொருளும் பிறப்பும்

'லேம் டக்' என்பதன் நேர்ப்பொருள் நொண்டி வாத்து. அரசியலில் இது, பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருப்பவரையோ, தேர்தலில் தோற்றும் அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை நாற்காலியில் இருப்பவரையோ குறிக்கும். பதவி இருக்கும், சொல்லுக்குச் செல்வாக்கு இராது.

ஆனால் இச்சொல் பிறந்த இடம் அரசவையன்று, சந்தை. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் பங்குச் சந்தையில், வாங்கிய கடனைத் தீர்க்க முடியாமல் வெளியேறிய வியாபாரியை இப்பெயரால் அழைத்தனர். ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1761-ல் எழுதிய கடிதம் ஒன்றில் இச்சொல் காணப்படுகிறது. அடுத்த நூற்றாண்டில் அது அமெரிக்கா சென்று அரசியல் சொல்லாயிற்று.

அமெரிக்காவில் அதற்குத் தக்க காரணம் இருந்தது. அங்கே நவம்பரில் தேர்தல் நடக்கும். புதிய குடியரசுத் தலைவரோ மார்ச் 4-ஆம் நாள்தான் பதவி ஏற்பார். 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் வெற்றி பெற்றார். 1861 மார்ச் வரை பழைய தலைவர் புக்கானனே நாற்காலியில் இருந்தார். அந்த நான்கு மாதத்திற்குள் தென்பகுதி மாநிலங்கள் ஏழு நாட்டைவிட்டுப் பிரிவதாக அறிவித்துவிட்டன! போகிறவருக்குத் தடுக்கும் வலிமை இல்லை. வருகிறவருக்கு அதிகாரம் இல்லை. இத்தகைய இடைவெளியைக் குறைக்கவே 1933-ல் அரசியல் சட்டத்தின் இருபதாம் திருத்தம் நிறைவேறியது. அதன்பின் பதவியேற்பு நாள் ஜனவரி 20 ஆயிற்று.

நம் மண்ணில் ஒரு சான்று

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. 1952 தேர்தலுக்குப்பின் ஏ. ஜே. ஜான் முதலமைச்சரானார். சட்டசபையின் 108 இடங்களில் அவருடைய காங்கிரசுக்கு இருந்தவை 44 மட்டுமே. ஆகவே மார்ஷல் நேசமணி முதலியோர் முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையில் உடன்பாடு ஏற்படாததால் அந்த ஆதரவு விலகியது. 1953 செப்டம்பரில் அமைச்சரவை கவிழ்ந்தது; சபை கலைந்தது. எனினும் 1954 மார்ச்சில் புதிய அமைச்சரவை அமையும் வரை ஜான் அவர்களே காபந்து முதலமைச்சராக இருந்தார். அந்த ஆறு மாதமும் அவர் நிலை, ஆங்கிலேயர் சொல்லும் நொண்டி வாத்தின் நிலைதான்.

கதை அத்துடன் முடியவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன. அடுத்த மாதமே சென்னை மாநிலத்தின் ஆளுநராக வந்தவர் யார் தெரியுமா? அதே ஏ. ஜே. ஜான்! எந்த மக்களின் பிரதிநிதிகள் அவருடைய ஆட்சிக்கு ஆதரவை விலக்கினார்களோ, அந்த மக்கள் வாழும் மாநிலத்திற்கே அவர் ஆளுநரானார். 1957-ல் அப்பதவியில் இருக்கும்போதே காலமானார். இன்று பின்தங்கியவர் என்றும் பின்தங்கியவராகவே இருப்பார் என்று யார் சொல்ல முடியும்?

டில்லியிலும் இவ்வாறே நிகழ்ந்ததுண்டு. 1979 ஜூலையில் பிரதமரான சரண்சிங், பாராளுமன்றத்தைச் சந்திக்காமலேயே ஆகஸ்டில் பதவி விலகி, 1980 ஜனவரி வரை காபந்துப் பிரதமராக இருந்தார். ஆனால் காபந்து அரசெல்லாம் கைகட்டி நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 1999 ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் தோற்றது. தேர்தலுக்கு முன்பே கார்கில் போர் மூண்டது. அந்தக் காபந்து அரசுதான் போரை நடத்தி முடித்தது.

பதவி வேறு, செல்வாக்கு வேறு

இதற்கு நேர் எதிரான சான்று பெருந்தலைவர் காமராஜர். 1963 அக்டோபர் 2-ஆம் நாள் அவர் தாமாகவே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். பதவி போனது, செல்வாக்கு வளர்ந்தது. 1964-லும் 1966-லும் நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் அவர் பங்கு பெரிது. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். அவர் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். மார்ஷல் நேசமணி 1968-ல் மறைந்தபின் நாகர்கோவில் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. நம் மாவட்ட மக்கள் காமராஜரைத் தேர்ந்தெடுத்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார்கள். 1975-ல் மறையும் வரை அவர் நாகர்கோவிலின் உறுப்பினராகவே இருந்தார்.

வேதாகமத்திலும் இப்பாடம் உண்டு. தாவீது அரசர் முதுமையால் தளர்ந்தபோது, அவர் மகன் அதோனியா தந்தையைக் கேளாமலேயே தன்னை அரசன் என்று கூறி விருந்து வைத்தான். பலர் அவன் பக்கம் ஓடினர். நாத்தானும் பத்சேபாவும் அரசரிடம் சென்று முறையிட்டனர். படுக்கையிலிருந்த அம்முதியவர் சாலமோனை அரசனாக்கக் கட்டளையிட்டதும், அதோனியாவின் விருந்தினர் அஞ்சிக் கலைந்தனர். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று நம் பெரியோர் சொல்வது வீண் சொல்லன்று.

பயன்படுத்தும் முறை

தேர்வுக்குப் படிப்போர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இத்தொடர் பெயராகவும் அடைமொழியாகவும் வரும். 'ஹி இஸ் எ லேம் டக்' என்பதில் பெயர். 'எ லேம் டக் கவர்ன்மென்ட்' என்பதில் அடைமொழி. நஷ்டத்தில் தள்ளாடும் தொழிற்சாலையையும் இங்கிலாந்தில் இவ்வாறு சொல்வதுண்டு.

'சிட்டிங் டக்' என்பது வேறு. எளிதில் தாக்கப்படக்கூடியவரை அது குறிக்கும். 'ரப்பர் ஸ்டாம்ப்' என்பதும் வேறு. பிறர் முடிவுக்குக் கையெழுத்து மட்டும் இடுபவர் அவர். கிரிக்கெட்டில் 'டக்' என்றால் ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழப்பது; பூஜ்யம் வாத்து முட்டைபோல் இருப்பதால் வந்த பெயர். தமிழில் எழுதும்போது 'செல்வாக்கிழந்த தலைவர்' என்றோ, 'காபந்து அரசு' என்றோ இடத்திற்கேற்ப எழுதலாம். 'நொண்டி' என்று மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. உடற்குறையை ஏளனச் சொல்லாக்குவது எம்மொழியிலும் அழகன்று.

மீண்டும் எங்கள் மாணவர் தலைவியிடம் வருவோம். நாங்கள் சிரித்த அந்த வாரம் முழுவதும், மாலையில் கடைசி பஸ் வரும்வரை சிறு வகுப்புப் பிள்ளைகளுடன் வாசலில் நின்றவள் அவளே. யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. நாங்கள் அவளிடமும், பின்னர் அந்தத் தோழியிடமும் மன்னிப்புக் கேட்டோம். மறுநாள் அவள் சொல்லுமுன்பே வரிசை நேராயிற்று.

அன்புத் தோழியரே, பதவியின் கடைசி நாளும் கடமையின் நாளே. தலைமை ஏற்றவர் அதை மறவாதிருக்கட்டும். அவரைப் பின்பற்றும் நாமோ, பின்தங்கி வருபவருக்காகச் சற்றே நின்று காத்திருக்கக் கற்போம். வாத்துக் கூட்டத்திற்கும் மனிதக் கூட்டத்திற்கும் உள்ள வேறுபாடு அதுவேயன்றோ!