கன்று ஈன்ற பசு படுத்துவிடுவது ஏன்?

மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, அதிகம் பால் கறக்கும் பசுக்கள் கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள் திடீரென எழ முடியாமல் படுத்துவிடுவதுண்டு. இதுவே பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடலோ சில்லிட்டுப் போகும். ஜெர்சி இனத்திலும் அதன் கலப்பினத்திலும் இது அதிகம். உடனே கவனிக்காவிட்டால் நல்ல கறவைப் பசு ஒரே நாளில் இறந்துவிடும்.

காரணம்

சீம்பால் ஒரு லிட்டரில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. பசுவின் ரத்த ஓட்டத்தில் இருப்பதோ மொத்தமே சுமார் 3 கிராம். பத்து லிட்டர் கறந்தால் 20 கிராம் வெளியேறுகிறது. இந்தக் குறையை உடனுக்குடன் ஈடு செய்வது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன். இது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்கிறது. சிறுநீரில் வீணாவதைத் தடுக்கிறது. வைட்டமின் 'டி'யைச் செயல்பட வைத்துக் குடல் வழியாகவும் சத்தைச் சேர்க்கிறது.

ஆனால் ரத்தத்தில் காரத்தன்மை கூடினால் எலும்பும் சிறுநீரகமும் இந்த ஹார்மோனின் கட்டளையைச் சரிவர ஏற்பதில்லை. ஹார்மோன் போதிய அளவு சுரந்தும் பயனில்லை. தீவனத்தில் சாம்பல் சத்து மிகுந்தால் ரத்தம் காரப் பக்கம் சாயும். குளோரைடும் கந்தகமும் அதை அமிலப் பக்கம் திருப்பும்.

அறிகுறிகள்

முதலில் தீவனம் எடுக்காது, தசை நடுங்கும், நடை தள்ளாடும். பிறகு படுத்து, தலையை விலாப்புறம் மடக்கிக் கொள்ளும். காதுகள் சில்லிடும். மூக்கு நுனி உலரும். சாணம் போடாது.

சிகிச்சை

கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். கால்சியம் போரோகுளூக்கோனேட் மருந்தை அவர் ரத்தக் குழாயில் மெதுவாகச் செலுத்துவார். வேகமாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பதால் பிறர் இதைச் செய்யக் கூடாது. அவர் வரும்வரை, வைக்கோல் மூட்டைகளை முட்டுக் கொடுத்துப் பசுவை நெஞ்சை ஊன்றி உட்கார்ந்த நிலையில் வைக்க வேண்டும். வாய் வழியே எதையும் புகட்டக் கூடாது, நுரையீரலுக்குள் சென்றுவிடும். குணமான பின்னும் ஓரிரு நாட்களுக்கு மடியை ஒட்டக் கறக்கக் கூடாது.

தடுப்பு முறைகள்

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களே முக்கியம். குதிரைமசால், சாணக் கழிவுநீர் பாய்ச்சி வளர்த்த நேப்பியர் புல் ஆகியவற்றில் சாம்பல் சத்து அதிகம். இவற்றை இக்காலத்தில் குறைத்து, சோளத்தட்டை, மக்காச்சோளத்தட்டை ஆகியவற்றைக் கூட்டலாம். செரிமானத்திற்கென்று சமையல் சோடா கொடுப்பதை நிறுத்த வேண்டும். "முன்கூட்டியே கொடுத்தால் நல்லது" என்று சினைப் பசுவுக்குச் சுண்ணாம்புச் சத்து மருந்தை அள்ளிக் கொடுப்பதும் தவறு. தேவை குறைவாக இருக்கும்போது சுரப்பி சோம்பிவிடும். ஈன்றவுடன் விரைந்து வேலை செய்யாது.

முன்பு இந்நோய் கண்ட பசுவுக்கு அம்மோனியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட் போன்ற உப்புகளைத் தீவனத்தில் கலந்து தரலாம். அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். சிறுநீரின் கார அமில நிலையைச் சோதித்து அவர் அளவைக் கூட்டிக் குறைப்பார். கன்று ஈன்றதும் இந்த உப்புகளை நிறுத்திவிட்டு, சுண்ணாம்புச் சத்தும் தாது உப்புக் கலவையும் தாராளமாகக் கொடுக்கலாம்.