பைக்குக்குப் புது டயர்: முதன்முறை வாங்குபவருக்கான முழுமையான வழிகாட்டி

டயர் கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி டயர் நல்லது?" என்பதுதான். கடைக்காரரும் கைவசம் இருக்கிற சரக்கில் ஒன்றை எடுத்துப் போட்டு, அரை மணி நேரத்தில் மாட்டி அனுப்பிவிடுவார். உண்மையில் அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. அளவு, சுமை, ட்யூப், நீங்கள் ஓட்டும் சாலை ஆகிய நான்கும் அதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும். அவை தீராமல் கடையில் போய் நின்றால் விலையை மட்டும்தான் ஒப்பிட முடியும்.

100 சிசி முதல் 350 சிசி வரை, தார்ச்சாலையில் ஓடும் வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் பின் டயருக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட முன் டயருக்குக் கிடைப்பதில்லை. நல்ல டயர் வாங்கக் காசு ஒதுக்கினால் அதை முதலில் முன் சக்கரத்துக்கு ஒதுக்குங்கள். காரணம் கீழே வருகிறது.

படி 1: மாற்ற வேண்டிய நேரமா என்று பார்த்தல்

டயரின் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் சிறு சிறு மேடுகள் இருக்கும். டயரின் பக்கவாட்டில் முக்கோணக் குறியோ, தேய்மானக் குறி என்பதன் ஆங்கில எழுத்துகளோ இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் அவை தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகனத்தின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது சட்டத்தின் கடைசி எல்லை. ஐப்பசி மழைக்கு முன் பள்ளம் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், எல்லையைத் தொடும்வரை காத்திருக்காமல் நான் மாற்றிவிடச் சொல்வேன்.

தேய்மானம் ஒரு கணக்கு என்றால் வயது இன்னொரு கணக்கு. பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை நன்றாகச் சோதிக்க வேண்டும். பக்கவாட்டிலோ பள்ளங்களின் அடியிலோ மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அதை நம்பக் கூடாது.

முன் டயர் ஏமாற்றுவது இங்கேதான். எஞ்சினின் இழுவை முழுவதும் பின் சக்கரத்தில் இறங்குவதால் பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. இரண்டு பின் டயர் மாற்றும் காலத்துக்கு ஒரு முன் டயர் வருவது சாதாரணம். பார்க்கப் பட்டன் இருக்கும், ஆனால் வெயிலிலும் வருடங்களிலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன் சக்கரத்தின் மேல் விழுகிறது. ஈரச் சாலையில் பின் சக்கரம் சறுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் சறுக்கினால் யோசிக்கும் முன்பே கீழே கிடப்போம். பின் டயர் மாற்றப் போகும் ஒவ்வொரு முறையும் முன் டயரின் நான்கு இலக்கத்தையும் படித்துப் பாருங்கள்.

பட்டன் போன டயரில் கத்தியால் புதுக் கோடு வெட்டித் தரும் இடங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கமே போக வேண்டாம். மிஞ்சியிருக்கும் மெல்லிய ரப்பரையும் வெட்டினால் உள்ளிருக்கும் நூல் அடுக்குக்கும் சாலைக்கும் நடுவே ஒன்றும் இருக்காது.

படி 2: பக்கவாட்டு எழுத்தைப் படித்தல்

பல 150 சிசி வண்டிகளின் பின் டயரில் 100/90-17 55பி என்று இருக்கும். 100 என்பது மில்லிமீட்டரில் அகலம். 90 என்பது உயரம். அகலத்தில் 90 சதவீதம், அதாவது 90 மில்லிமீட்டர். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 55 சுமைக் குறியீடு, பி வேகக் குறியீடு. பழைய முறையில் 2.75-18, 3.00-17 என்று இருந்தால் முதல் எண் அகலம், அங்குலக் கணக்கில்.

சுமைக் குறியீட்டைக் கடையில் யாரும் பார்ப்பதில்லை. நம் குடும்பங்கள் வண்டியைப் பயன்படுத்தும் விதத்துக்கு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 55 என்றால் அந்த ஒரு டயர் 218 கிலோ தாங்கும். 47 என்றால் 175 கிலோதான். 145 கிலோ வண்டியில் இரண்டு பெரியவர்கள் ஏறினால் மொத்தம் 285 கிலோவைத் தொடும்; அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 180 கிலோ வரை, பின் சக்கரத்தில் இறங்கலாம். நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு அரிசி மூட்டை என்றால் இன்னும் கூடும். ஆகவே கம்பெனி கொடுத்த சுமைக் குறியீட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வாங்கலாம், குறைவாக ஒருபோதும் கூடாது. வேகக் குறியீட்டுக்கும் அதே விதிதான். எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், பி என்றால் 150, எஸ் என்றால் 180, எச் என்றால் 210.

ஐஎஸ்ஐ முத்திரையையும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் இருசக்கர டயருக்கு அது கட்டாயம். அதற்குரிய தர எண் ஐஎஸ் 15627.

படி 3: அகல ஆசையை அளந்து பார்த்தல்

"அண்ணே, ஒரு சைஸ் பெருசா போடலாமா?" இளைஞர்கள் எல்லோரும் கேட்பது. கணக்குப் போட்டே பார்ப்போம்.

17 அங்குல ரிம் 431.8 மில்லிமீட்டர். அதோடு மேலும் கீழுமாக டயரின் உயரத்தை இருமுறை கூட்டினால் மொத்த விட்டம். 100/90-17 டயருக்கு அது 612 மில்லிமீட்டர். 110/80-17 என்றால் 608. வித்தியாசம் நான்கே மில்லிமீட்டர் என்பதால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் பெரிதாகக் குழம்பாது. ரிம்மின் அகலம் ஒத்துவந்து, தயாரிப்பாளரும் அனுமதித்தால் போடலாம். 120/80-17 போட்டால் 624. வண்டி தூக்கலாகும், மீட்டர் காட்டும் வேகம் உண்மையை விட்டு விலகும். 130/70-17 போட்டால் விட்டம் 614 என்று அழகாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அந்த அகலத்துக்கு மூன்று அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் அதை ஏற்றினால் இரு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூம்பிவிடும். சாலையில் படும் இடம் அதிகமாகாது. வளைவில் வண்டி சாயும் விதம் மாறும், மைலேஜ் குறையும், செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ டயர் உரசும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஏபிஎஸ் சக்கரம் சுற்றும் வேகத்தை அளந்து வேலை செய்கிறது. இரு சக்கரமும் தனித்தனி விகிதத்தில் மாறினால் அதன் கணக்கும் மாறும். முதன்முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை: வண்டியோடு வந்த அளவு எதுவோ அதுவே.

படி 4: ட்யூபா, ட்யூப்லெஸ்ஸா, ரேடியலா

அலாய் வீல் வண்டிகளில் பெரும்பாலும் ட்யூப்லெஸ் வரும். ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். வண்டியை ஓரங்கட்ட அவகாசம் கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அது உயர்ந்தது. ட்யூப் டயரை ட்யூப் இல்லாமல் அலாய் ரிம்மில் போடவே கூடாது. காற்றைப் பிடித்துவைக்கும் உள் அடுக்கு அதில் இல்லை. சாதாரண ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக் முனையிலும் காற்று கசியும், அதனால் ட்யூப் தேவை. ட்யூப்லெஸ் டயரை ட்யூபோடு ஸ்போக் ரிம்மில் போடலாமா என்றால், அந்த டயரின் தயாரிப்பாளர் அனுமதித்தால் போடலாம். புது டயருக்குள் பழைய ட்யூபை வைக்காதீர்கள். நீட்டிப் பழகிய ட்யூப் உள்ளே மடிந்து, மடிப்பு விழுந்த இடத்தில் கிழியும்.

அளவின் நடுவே கோட்டுக்குப் பதில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரேடியல். யமஹா எஃப்இசட் வண்டிகளின் பின்னால் வரும் 140/60 ஆர் 17 அப்படிப்பட்டது. முன்னால் சாதாரண டயர். பின்னால் ரேடியல், முன்னால் சாதாரணம் என்று கம்பெனியே கொடுத்தால் பிரச்சினை இல்லை. அதைத் தலைகீழாக்குவதும், நம் இஷ்டத்துக்குக் கலப்பதும் ஆபத்து.

படி 5: எங்கே ஓட்டுகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுதல்

ஒரு தாளில் எழுதுங்கள்: தினம் எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலை, எந்த மாதங்களில் மழை, பின்னால் யார் உட்காருகிறார்கள். டயர் செய்பவர்கள் ரப்பர் கலவையில் ஒரு சமரசம் செய்தே ஆக வேண்டும். மென்மையான கலவை சாலையைப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமான கலவை நீண்டநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். நடுவில் கடினம், ஓரங்களில் மென்மை என்று இரண்டையும் சேர்த்துச் செய்த டயர்களும் உண்டு.

சென்னையில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு எதிரி வேகமில்லை, ஈரம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தூசியும் எண்ணெயும் கலந்த சாலை முதல் தூறலிலேயே சோப்பாகிவிடும். சாலையில் அடித்த வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, மெட்ரோ வேலைக்குப் போட்ட தகடு எல்லாம் சேர்ந்துகொள்ளும். அங்கே ஈரப் பிடிப்புக்காகச் செய்த கலவைக்குப் பணம் கொடுக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து போடும் மணலுக்கு எந்த டயரும் மருந்தில்லை. அங்கே வேகம் குறைப்பதுதான் வழி. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ, 40 வளைவுகள் கொண்ட வால்பாறைக்கோ அடிக்கடி ஏறுகிறவருக்கு டயரின் ஓரப் பிடிப்பு முக்கியம். நெடுஞ்சாலையில் நேராக நீண்ட தூரம் ஓடும் விற்பனைப் பிரதிநிதிக்கு நடுப்பகுதி தேயாமல் உழைப்பது முக்கியம். மண் சாலைக்கென்று செய்த பெரிய கட்டி பட்டன்கள் தார்ச்சாலையில் சத்தம் போடும், வளைவில் ஆடும். அழகுக்காக அவற்றை வாங்க வேண்டாம்.

படி 6: இப்போது கம்பெனி

எம்ஆர்எஃப், மதுரையில் டயர் செய்யும் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் யூரோகிரிப், சீயட், அப்போலோ, மிச்செலின் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஒரே கம்பெனிக்குள்ளேயே உழைப்புக்கு ஒரு வரிசை, பிடிப்புக்கு ஒரு வரிசை இருக்கிறது. எம்ஆர்எஃபின் நைலோகிரிப் பிளஸ் வேறு குணம், ரெவ்ஸ் வேறு குணம். மிச்செலினில் சிட்டி புரோ தினசரி ஓட்டத்துக்கு, பைலட் ஸ்ட்ரீட் பிடிப்பை எதிர்பார்ப்பவருக்கு. அதனால் கடையில் கேட்க வேண்டியது: "என் அளவில் ஈரப் பிடிப்புக்கு எது இருக்கு? அதே அளவில் நீண்டநாள் உழைப்புக்கு எது?"

இரண்டு டயர்கள் கைக்கு வந்ததும் ஒப்பிடுங்கள். சுமைக் குறியீடு, செய்த தேதி, பட்டன் பள்ளத்தின் ஆழம், விலை. செய்து இரண்டு ஆண்டு தாண்டிய சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். விலையைக் கிலோமீட்டருக்கு வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக, ஒரு டயர் 2,000 ரூபாய், 25,000 கிலோமீட்டர் உழைக்கும். இன்னொன்று 2,500 ரூபாய், 18,000 உழைக்கும் என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 8 காசு, ஏறக்குறைய 14 காசு. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் 600 ரூபாய்க்குள். முன் டயருக்கு அந்த வித்தியாசம் இன்னும் குறையும், அது மெல்லத் தேய்வதால். மழையில் சில அடி முன்னதாக வண்டி நிற்பதற்கு இந்தப் பணம் அதிகமில்லை.

முடிந்தால் முன்னும் பின்னும் ஒரே வரிசை டயராக இருக்கட்டும். முடியாவிட்டால் நல்லது முன்னால்.

படி 7: மாட்டும்போது பக்கத்தில் நிற்றல்

டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் பொருந்தும் சில டயர்களில் இரண்டு அம்புகள் இருக்கும். எந்தச் சக்கரத்துக்கு எது என்று அருகிலேயே எழுதியிருக்கும். சில டயர்களில் மஞ்சள் புள்ளி இருக்கும். அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வர வேண்டும். ட்யூப்லெஸ் என்றால் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அலாய் வீலுக்கு மெஷின் உள்ள கடை நல்லது. நெம்புகோலால் நெம்பினால் ரிம் ஓரம் நெளியும், அங்கே காற்று கசியும். ஏபிஎஸ் வளையம் உள்ள சக்கரத்தை அந்த வளையம் தரையில் படும்படி கிடத்தக் கூடாது.

காற்று ஏற்றிய பின் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பின் சக்கரம் என்றால் செயின் தளர்வு, இருபுறக் குறிகள், ஆக்சில் நட்டு, பிரேக் மிதி எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே காசு கொடுங்கள். பில்லை வாங்கி, அதில் டயரின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். உற்பத்திக் கோளாறு தெரியவந்தால் கம்பெனி அதைத்தான் கேட்கும்.

படி 8: முதல் 150 கிலோமீட்டர்

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக், திடீர் முறுக்கல், ஆழமாகச் சாய்வது மூன்றும் வேண்டாம். மழை நாளில் மாட்டினால் இன்னும் நிதானம். பளபளப்புக்காக டயரில் எண்ணெயோ பாலிஷோ தடவும் பழக்கம் சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் உண்டு. வண்டியை விடும்போதே டயருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காற்றழுத்தம் எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பல 150 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் தனியாக ஓட்ட 28, இருவர் போக 32 பிஎஸ்ஐ என்ற அளவில் வரும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம், நீங்கள் வைக்க வேண்டிய அழுத்தம் வேறு. காலையில் வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிய சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், அதிகமாக இருப்பதாக நினைத்து இறக்கிவிடுவோம். புது டயரில் முதல் வாரத்திலேயே ஒருமுறை அளந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடருங்கள். அந்த முதல் வாரத்தில் நான்கைந்து பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் வால்வையும் ரிம் ஓரத்தையும் சோப்பு நீர் தடவிப் பார்த்து, குமிழி வந்தால் அதே கடைக்குத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.